ஊர் உலகத்தில் நடக்காததா

எங்கள் தென்காசிப் பக்கத்தில், புருஷனிடம் அடிபட்டு அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணைத் திண்ணையில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, கொஞ்ச நேரம் அழவிட்டு, பிறகு யாராவது ஒரு பெரியம்மா சொல்வாள்: "ஏளா, ஊரு ஒலகத்துல நடக்காததா ஒனக்கு நடந்துட்டு?" கேட்பதற்குக் கேள்வி மாதிரி இருக்கும். உண்மையில் அது தீர்ப்பு. அதற்குள் ஒழுங்கான ஒரு தர்க்கமும் இருக்கிறது. உனக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கிறது. எல்லோருக்கும் நடப்பது முறையீடு ஆகாது. எனவே நீ திரும்பிப் போகலாம். இதில் முதல் வாக்கியம் பெரும்பாலும் உண்மை. இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததால் யாரும் மறுத்ததும் இல்லை. மூன்றாவது, சாயங்கால பஸ்.

இந்த மூன்று வாக்கியங்களையும் நல்ல ஆங்கிலத்தில், பத்தி எண் போட்டு, ஒரு நீதிமன்றம் எழுதியிருக்கிறது. அதுவும் நாடுகளுக்கு மேலே உட்கார்ந்து நாடுகளையே விசாரிக்கிற நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை வாசித்தபோது எனக்கு எங்கள் பெரியம்மாக்களின் குரல்தான் கேட்டது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருக்கிறது. 1950இல் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் மீது, உள்நாட்டு நீதிமன்றங்களின் படிகளையெல்லாம் ஏறி முடித்த பிறகு, தனிமனிதர் ஒருவர் அங்கே வழக்குத் தொடுக்கலாம். அந்த நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதன் அதிகாரத்துக்குள் இருந்தால் போதும். அப்படித்தான் ஐந்து ஈழத்தமிழ் இளைஞர்கள் பிரிட்டன் மீது வழக்குத் தொடுத்தார்கள். 'வில்வராஜாவும் பிறரும் எதிர் ஐக்கிய இராச்சியம்' என்று அதற்குப் பெயர். தீர்ப்பு வந்தது 1991 அக்டோபர் 30 அன்று.

ஐவரும் 1987இல் பிரிட்டனில் தஞ்சம் கேட்டவர்கள். மறுக்கப்பட்டது. பிரபுக்கள் சபைவரை போய்த் தோற்றார்கள். 1988 பிப்ரவரியில் கொழும்புக்கு விமானம் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். போன இடத்தில் தாங்கள் வதைக்கப்பட்டதாக மூவர் பிற்பாடு சொன்னார்கள். இதற்கிடையில் பிரிட்டனிலேயே நடந்த மேல்முறையீட்டில், 1989 மார்ச்சில், அவர்களுடைய அச்சத்துக்குத் தக்க ஆதாரம் இருந்தது, அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. அந்த அக்டோபரில் திரும்பியும் வந்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கின் முன் இருந்த கேள்வி, 1988 பிப்ரவரியில் அவர்களை அனுப்பியது உடன்படிக்கையின் 3ஆம் பிரிவை, அதாவது சித்திரவதைக்கு எதிரான தடையை, மீறியதா என்பது. முதலில் விசாரித்த ஐரோப்பிய ஆணையத்தில் வாக்கு ஏழுக்கு ஏழு என்று நின்று, தலைமை வகித்தவரின் கூடுதல் வாக்கால் மீறல் இல்லை என்றானது. நீதிமன்றத்தில் எட்டுக்கு ஒன்று. மீறல் இல்லை.

முடிவைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. முடிவு பிடிக்கவில்லை என்பதால் தீர்ப்பு மோசமானது என்று சொல்வதும், முடிவு பிடித்திருப்பதால் நல்ல தீர்ப்பு என்று கைதட்டுவதும் நம்மிடம் இருக்கிற பெரிய சோம்பேறித்தனம். பெண்களுக்குச் சாதகமாக வந்த எத்தனையோ தீர்ப்புகளில், அவள் ஒரு தாய், அவள் ஒரு குடும்பத்தின் மானம் என்றெல்லாம் எழுதி, கொடுத்த நீதியைவிட அதிகமாக எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். நான் பார்க்க விரும்புவது அந்த முடிவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை.

சட்டம் படிக்காத ஒரு தமிழாசிரியைக்கு அதைப் பார்க்க என்ன தகுதி என்று கேட்கலாம். இடைச்சொல் தெரியும் என்பதுதான் தகுதி. தொல்காப்பியர் இடைச்சொல்லுக்கு ஒரு தனி இயலே ஒதுக்கினார். பெயரும் வினையும் தங்கள் காலில் நிற்கும். இடைச்சொல் தனியே நிற்காது, ஆனால் வாக்கியம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கும். தீர்ப்பு ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் 'எனவே', 'ஆயினும்', 'இருந்தபோதிலும்' இவற்றைத்தான் பென்சிலால் வட்டமிடுவேன். ஒரு 'எனவே'க்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் உண்மையிலேயே ஒட்டுகின்றனவா, அல்லது அந்தச் சொல்தான் பசையா?

வில்வராஜா தீர்ப்பில் வட்டமிட வேண்டிய இடம் 111, 112ஆம் பத்திகள். அங்கே நீதிமன்றம் சொல்வதன் சாரம் இது: இலங்கையில் நிலைமை இன்னும் சீராகவில்லை. இவர்கள் பிடிக்கப்படவும் வதைக்கப்படவும் வாய்ப்பு இருந்தது. இவர்களில் சிலருக்கு முன்பே அப்படி நடந்ததாகவும் தெரிகிறது. ஆனால் பொதுவாக மற்ற தமிழர்களின், அல்லது மற்ற இளம் தமிழ் ஆண்களின் நிலையைவிட இவர்களுடைய தனிப்பட்ட நிலை மோசமாக இருந்தது என்று நிறுவப்படவில்லை. வெறும் வாய்ப்பு மட்டும் போதாது. திரும்பிய பிறகு மூவர் வதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அது எப்படியிருந்தாலும், அதை முன்கூட்டி ஊகிக்கும்படியாக இவர்களைத் தனித்துக் காட்டும் சிறப்புக் கூறு எதுவும் இவர்களிடம் இல்லை.

'அது எப்படியிருந்தாலும்' என்ற தொடரின் மேல் என் பென்சில் வெகு நேரம் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் மூன்று மனிதர்களின் உடல். அந்தப் பக்கம் தள்ளுபடி. நியாயமாகச் சொன்னால் அதில் சட்டப்படி தவறில்லை. ஒரு அதிகாரி முடிவெடுத்த நாளில் அவருக்கு என்ன தெரிந்திருக்க முடியும் என்பதை வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும். பின்னால் நடந்ததைக் கொண்டுவந்து முன்னால் வைக்கக் கூடாது. அது சரி. சிக்கல் அந்தத் தொடரில் இல்லை, அதற்கு முந்திய படியில் இருக்கிறது. ஆபத்து எல்லோருக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த எல்லோரில் இவர்களும் உண்டு என்றும் ஒப்புக்கொண்டார்கள். எனவே இவர்களுக்கு ஆபத்து உண்டு என்றல்லவா வர வேண்டும்? எனவே இவர்களுக்கென்று ஆபத்து இல்லை என்று வந்தது. 'எல்லோருக்கும்' என்பதிலிருந்து 'யாருக்கும் இல்லை' என்பதற்கு ஒரே தாவலில் போயிருக்கிறார்கள். எங்கள் ஊர்த் திண்ணையில் நடக்கும் அதே தாவல்.

ஆண்டுதோறும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பாடம் நடத்துகிறேன். பாண்டியன் சொல்லும் பொதுவிதியைக் கண்ணகி மறுப்பதில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்கிறான். சரி என்பதுபோல் விட்டுவிடுகிறாள். அவள் அடிப்பது அடுத்த படியில்: கோவலன் கள்வன் என்பதை நீ எப்படி அறிந்தாய்? அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டுகிறாள். ஒரு தீர்ப்பின் பகுத்தறிவை எப்படிச் சோதிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழில் இல்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்திருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் வில்வராஜா தீர்ப்பை வாசித்த பிறகு வகுப்பில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன். கண்ணகியின் சிலம்பிலும் முத்தே இருந்திருந்தால்?

கோவலன் அப்போதும் குற்றமற்றவன்தான். பொற்கொல்லன் அப்போதும் பொய்யன்தான். விசாரணையே இல்லாமல் ஒருவனை வெட்டியது அப்போதும் முறைகேடுதான். எதுவும் மாறியிருக்காது, கண்ணகி தோற்றிருப்பாள் என்பதைத் தவிர. அவள் வென்றது அவள் பக்கம் நியாயம் இருந்ததால் மட்டும் இல்லை. அவள் சிலம்பு மற்ற சிலம்புகளைப் போல் இல்லாததாலும்தான். ஸ்ட்ராஸ்பூர்க் அந்த ஐந்து பேரிடமும் மாணிக்கப் பரல் கேட்டது. அவர்களிடம் இருந்தது ஆயிரக்கணக்கானவர்களிடம் இருந்த அதே முத்து.

இந்த அளவுகோல் யாரை அதிகம் பாதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தனித்துத் தெரிகிற காரியம் செய்தவர்கள், பெயர் பட்டியலில் ஏறியவர்கள், மேடை ஏறியவர்கள் 'சிறப்புக் கூறு' காட்டலாம். வீட்டில் இருந்தவள் என்ன காட்டுவாள்? தீர்ப்பு ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட கூட்டத்தைக் கவனியுங்கள்: மற்ற தமிழர்கள், அல்லது மற்ற இளம் தமிழ் ஆண்கள். வழக்குப் போட்டவர்கள் ஆண்கள், எனவே அந்தச் சொல் வந்தது. அதில் சதி எதுவும் இல்லை. ஆனால் பெண்ணுக்கு அங்கே பொதுவில்கூட ஒரு தனிப் பெயர் இல்லை.

நிலைமை மேம்பட்டது என்பதற்குத் தீர்ப்பு காட்டிய சான்றுகளில் ஒன்று 1987 ஜூலையின் இந்திய இலங்கை ஒப்பந்தமும், வடக்கில் சிங்களப் படையின் இடத்துக்கு இந்திய அமைதிப்படை வந்ததும். அந்த ஒப்பந்தம் நடந்த மூன்று மாதத்துக்குள், அக்டோபர் 21, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் அதே அமைதிப்படை நுழைந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டுக்கொன்றது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு நடந்தவற்றை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறைத் தலைவர். 'முறிந்த பனை' நூலின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர். ஒரு பெண் சொன்னது தனிக்கதை. பல பெண்கள் சொன்னது சான்று என்ற நம்பிக்கையில் நடந்த வேலை அது. ஒன்றுபோல் இருப்பதால் அந்தக் கதைகளின் கனம் கூடியது, குறையவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கும் ராஜினியும் ஏறக்குறைய ஒரே காலத்து யாழ்ப்பாணத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவருக்குப் 'பொது' என்பது கணக்கில் வராதது. இன்னொருவருக்கு அதுதான் கணக்கு.

குற்றாலத்தில் சீசன் காலத்தில் வந்து நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பவர், எல்லோரும். "ஐயா, வெள்ளம் உங்களை மட்டும் அடித்துக்கொண்டு போகும் என்பதற்கு உங்களிடம் என்ன சிறப்புக் கூறு இருக்கிறது?" என்று எந்தக் காவலரும் கேட்பதில்லை. வெள்ளம் ஆள் பார்த்து வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அவனிடம் மற்றவர்களிடம் இல்லாதது எதுவும் இல்லை. அங்கே நின்றிருந்தான், அவ்வளவுதான்.

ஆனால் குற்றால உதாரணத்தை வைத்து நான் சுலபமாக ஜெயித்துவிடவும் முடியாது. அருவியை மூடுவதால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. ஒரு குளியல் போகும், கடைக்காரர்களுக்கு ஒருநாள் வியாபாரம் போகும். நாட்டின் கதவைத் திறப்பது அப்படியா என்று கேட்பார்கள். ஒருவருக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டிவரும் என்ற வாதத்துக்கு வழக்கறிஞர்கள் மதகின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தீர்ப்பில் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆனால் இலங்கையிலிருந்து பெருமளவில் வந்தவர்களைக் கையாண்ட அனுபவம் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு உண்டு என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறது. எண்ணிக்கை பற்றிய பயம் அங்கே அனுபவம் என்ற சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது என்பது என் வாசிப்பு. மனத்தில் உள்ள காரணத்தைச் சொல்லாமல் வேறு காரணத்தை எழுதுகிற தீர்ப்பை எதிர்த்து வாதாட முடியாது. பெரியம்மாவும் அப்படித்தான். அவளுக்கு உள்ளூர இருக்கும் பயம், இவள் இங்கேயே தங்கிவிட்டால் அடுத்தவளுக்குக் கல்யாணம் எப்படி நடக்கும் என்பது. சொல்வது ஊர் உலகம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கூட்டத்தை வைத்து மனிதரை அளக்காதே, ஒவ்வொருவரையும் தனித்தனியே பார் என்று கேட்டு வந்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள்தானே? தென்மாவட்டங்களில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நினைவு இன்னும் போகவில்லை. பிறந்த சாதியை வைத்தே ஒருவனைத் திருடன் என்று பதிவு செய்தார்கள். ரேகை வைக்க மறுத்தவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். 'உன் கூட்டம் இப்படி, எனவே நீயும் இப்படி' என்ற தர்க்கத்தின் விலை நமக்குத் தெரியும். அப்படியிருக்க, தஞ்ச வழக்கில் மட்டும் கூட்டத்தைப் பார் என்று எப்படிக் கேட்பது?

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில், தர்க்கத்தின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் தப்பினால் அடி யார்மேல் விழுகிறது என்பது வேறு. கூட்டத்தை வைத்துத் தண்டித்தால், கணக்குத் தப்பும்போது தண்டனை அனுபவிப்பவன் குற்றமற்றவன். கூட்டத்தை வைத்துக் காப்பாற்றினால், கணக்குத் தப்பும்போது காப்பாற்றத் தேவையில்லாத ஒருவன் காப்பாற்றப்பட்டிருப்பான். ஐயத்தின் பலன் என்று சட்டம் சொல்வது இதைத்தான். ஐயம் யாருக்குச் சாதகமாகப் போக வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லாத தீர்ப்பில் அது எப்போதும் வலுத்தவர் பக்கம்தான் போகிறது.

ஐயத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு ஈழத்தமிழரின் வழக்கையும் சொல்லிவிடுகிறேன். சிங்கராசா என்பவர், தனக்குப் புரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் வைத்த பெருவிரல் ரேகையால் தண்டிக்கப்பட்டார். அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையை அவர்மேலேயே போட்டது உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. சுருக்கமான, நேரான பகுத்தறிவு. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிடும் ஏற்பாட்டில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. நல்ல தர்க்கத்துக்குக் கையும் காலும் தனியே வேண்டும் போலிருக்கிறது. இந்தியாவிலோ அந்த ஏற்பாட்டில் நாம் சேரவே இல்லை. ஆசியாவில் ஸ்ட்ராஸ்பூர்க் போல ஒன்றும் கிடையாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்திடவில்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, நல்ல சொல். அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகளின் பெயர் இருக்கிறது, இலங்கையின் பெயர் இல்லை.

அப்படியானால் நமக்கு உரிமையில்லாத நீதிமன்றத்தின் தீர்ப்பை நாம் ஏன் எடைபோட வேண்டும்? 1979இல் உபேந்திர பக்‌ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். மதுரா வழக்கில், காவல் நிலையத்துக்குள் வன்புணரப்பட்ட ஓர் ஆதிவாசிச் சிறுமியின் உடலில் காயமில்லை, எனவே சம்மதித்திருக்கிறாள் என்று உச்ச நீதிமன்றம் முந்திய ஆண்டில் எழுதிய தீர்ப்பைப் பற்றி. அந்த மடல் செய்ததெல்லாம், அந்த 'எனவே'யை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியதுதான். பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்று கேட்டார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. தீர்ப்பு என்பது வாசிக்கக்கூடிய ஒரு பனுவல், வாசிப்பவர் யாராகவும் இருக்கலாம் என்ற பழக்கம் நம் நாட்டில் பெண்ணியத்தின் வழியாகத்தான் பரவியது.

ஸ்ட்ராஸ்பூர்க்கின் கதை 1991இல் முடியவில்லை. அதனால்தான் இந்த நீதிமன்றத்தைப் பற்றி எழுத எனக்குப் பிடித்திருக்கிறது. 2009 ஜூன் 9 அன்று அது ஓபூஸ் எதிர் துருக்கி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நஹிதே ஓபூஸ் தியார்பக்கீர் நகரத்துப் பெண். கணவன் அவளையும் அவள் தாயையும் 1995 முதல் அடித்தான், மிரட்டினான், காரை ஏற்றினான். 2001இல் அவளை ஏழு முறை கத்தியால் குத்தினான். அதற்கு அபராதம் மட்டும் போட்டார்கள், அதையும் தவணையில் கட்டலாம் என்றார்கள். 2002 மார்ச்சில், மகளோடு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய தாயை அவன் சுட்டுக்கொன்றான். துருக்கி அரசின் வாதம்: இந்தப் பெண்களே ஒவ்வொரு முறையும் புகாரைத் திரும்பப் பெற்றார்கள், குடும்ப விஷயத்தில் அதற்கு மேல் நாங்கள் எப்படித் தலையிடுவது?

இங்கே எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உறவுப் பெண் ஒருத்தியோடு ஒருமுறை ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். மனு கொடுத்து ரசீது வாங்கினாள். அடுத்த வாரமே வாபஸ் எழுதிக் கொடுத்தாள், நாங்கள் பேசிச் சமாதானமாகிவிட்டோம், எனவே மேல் நடவடிக்கை தேவையில்லை என்று, அங்கிருந்தவர் சொல்லச் சொல்ல. ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் கேட்டேன். "சித்தி, அவரு புள்ள ஸ்கூல் வாசல்ல வந்து நின்னுட்டுப் போனாரு" என்றாள்.

ஓபூஸ் தீர்ப்பு அந்த 'ஏன்'-ஐக் கேட்டது. ஒவ்வொரு வாபஸுக்கும் முன்னால் என்ன நடந்தது என்று தேதி வாரியாக அடுக்கியது. அவன் விடுதலையான, மிரட்டிய நாட்களோடு அவை பொருந்துவதைக் கண்டது. எந்தெந்தச் சூழலில், பெண் புகாரைத் திரும்பப் பெற்றாலும் அரசு வழக்கைத் தொடர வேண்டும் என்பதற்கு எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதியது. பிறகு இன்னொரு படி போனது. தியார்பக்கீர் வழக்கறிஞர் சங்கமும் அம்னஸ்டியும் திரட்டியிருந்த தகவல்களை எடுத்துக்கொண்டு, இது ஒரு பெண்ணின் துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை; அங்கே காவலரும் நீதிமன்றமும் பொதுவாகவே பாராமுகமாக இருக்கிறார்கள், அது பெரும்பாலும் பெண்களையே பாதிக்கிறது, எனவே இது பாகுபாடு என்றது. குடும்ப வன்முறையில் அந்த நீதிமன்றம் பாலினப் பாகுபாட்டைக் கண்டது அதுவே முதல் முறை. எல்லோருக்கும் நடப்பது என்பது 1991இல் தள்ளுபடிக்கு வழி செய்தது. 2009இல் அதே நீதிமன்றத்தில் அதுவே சாட்சியாக ஏறியது. இரண்டும் வேறு வேறு பிரிவுகள், பாகுபாட்டுக்குக் கூட்டத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பவளுக்கு அந்த வேறுபாட்டைவிட ஒற்றுமைதான் முதலில் தெரியும்.

தஞ்ச வழக்குகளிலும் அசைவு ஏற்பட்டது. 2007 ஜனவரியில் சோமாலியாவின் சிறுபான்மையினர் ஒருவரின் வழக்கில், முறையாகக் குறிவைத்து வதைக்கப்படும் குழுவைச் சேர்ந்தவரிடம் கூடுதலாகத் தனிச் சிறப்புக் கூறு கேட்பது பாதுகாப்பையே பொய்யாக்கிவிடும் என்றார்கள். அடுத்த வருடம் ஜூலை 17 அன்று ஓர் ஈழத்தமிழர் ஜெயித்தார். தீர்ப்பில் அவர் பெயர் என்.ஏ. என்ற இரண்டு எழுத்து மட்டும். 1990க்கும் 1997க்கும் இடையில் ஆறு முறை ராணுவம் பிடித்து, குற்றம் சாட்டாமல் விட்டவர். உடலில் தழும்பு. எடுக்கப்பட்ட ரேகை, புகைப்படம். விடுவிக்க அப்பா போட்ட கையெழுத்து. தனித்தனியே எடுத்தால் எதுவும் போதாது. சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்; நாட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கும்போது, பழைய சம்பவங்கள் என்று ஒதுக்க முடியாது என்றது. மாணிக்கம் கேட்கவில்லை, முத்துக்களை எண்ணியது. அதே தீர்ப்பில், தமிழர் என்பதாலேயே எல்லாத் தமிழருக்கும் ஆபத்து என்று சொல்ல முடியாது என்றும் எழுதியிருக்கிறது. 1991இல் எழுதியது தவறு என்று எங்கும் எழுதவில்லை. மரியாதையாக மேற்கோள் காட்டி, விளக்கி, நகர்ந்துவிட்டது. நீதிமன்றங்கள் மாறும் விதம் அது. வீட்டுப் பெரியவர்களைப் போலத்தான்: மன்னிப்பு கேட்க மாட்டார்கள், ஒருநாள் பேச்சை மாற்றிப் பேசுவார்கள்.

மொழிபெயர்ப்புத் தாள் எடுக்கும் முதுகலை மாணவியருக்கு வில்வராஜா தீர்ப்பின் 112ஆம் பத்தியைப் பயிற்சிக்குக் கொடுத்தேன். அந்தச் 'சிறப்புக் கூறு' என்ற தொடரில்தான் எல்லோரும் தடுக்கினார்கள். ஒருத்தி 'தனித்துவமான வேறுபாட்டு அம்சங்கள்' என்று எழுதினாள். இன்னொருத்தி 'பிறரினின்று பிரித்தறியத்தக்க அடையாளங்கள்' என்றாள். முகாமிலிருந்து படிக்க வரும் பெண், 'அப்பிடி என்ன விசேசம்' என்று எழுதியிருந்தாள். நடை பொருந்தவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். முழு மதிப்பெண் போட்டேன்.